படகை உடுத்திய வாலிபர்

25 வயதில் கடலில் மறைந்த கினோ வாட்கின்சின் வீர வரலாறு

சட்டை தைக்க உடம்பை அளவு எடுப்பார்கள். செருப்புத் தைக்கக் காலை அளவு எடுப்பார்கள். படகு கட்டுவதற்கு ஆளை அளவு எடுப்பது உண்டா?

கிரீன்லாந்தில் உண்டு. வட துருவத்துக்கு அருகே உள்ள பெரும் தீவு அது. அங்கே வாழும் இனூயிட் மக்களைப் பழைய புத்தகங்கள் எஸ்கிமோக்கள் என்று குறிப்பிடும். அவர்களுடைய வேட்டைப் படகுக்குக் கயாக் என்று பெயர். ஒருவர் மட்டுமே அதில் உட்காரலாம். அவருடைய இடுப்பின் அகலம், காலின் நீளம் எல்லாம் பார்த்து அதைக் கட்டுவார்கள். ஒருவருடைய கயாக் மற்றவருக்குச் சரியாகப் பொருந்தாது. சட்டையை உடுத்துவதுபோல் அந்தப் படகை உடுத்திக்கொண்டுதான் அவர்கள் கடலுக்குப் போனார்கள்.

அந்தப் படகை உடுத்திக்கொள்ள ஆசைப்பட்டார், ஓர் ஆங்கில வாலிபர். லண்டன் நகரில் பிறந்தவர். பெரிய கல்லூரியில் படித்தவர். பனி நாட்டு வேட்டைக்காரர்களுக்கு மாணவராக அமர்ந்து அந்த வித்தையைக் கற்றார். அதில் தேர்ந்தார். அந்தப் படகில் போன ஒரு நாளில்தான் அவர் வாழ்வும் முடிந்தது.

அவர் பெயர் கினோ வாட்கின்ஸ்.

இளமையும் ஆசையும்

1907-ம் ஆண்டு ஜனவரி 29-ந் தேதி லண்டனில் பிறந்தார் வாட்கின்ஸ். தந்தை ராணுவ அதிகாரி. பிள்ளைக்கு இட்ட பெயர் ஹென்றி ஜார்ஜ். ஆனால் கினோ என்ற செல்லப் பெயரே கடைசிவரை நிலைத்தது.

சிறு வயதிலேயே மலை ஏறுவதில் அவருக்கு விருப்பம் அதிகம். ஆல்ப்ஸ் மலைகளில் ஏறிப் பழகினார். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் டிரினிடி கல்லூரியில் சேர்ந்தார். அங்கே துருவப் பிரயாணங்களைப்பற்றி நடந்த சொற்பொழிவுகள் அவர் மனத்தைக் கவர்ந்தன. பனி சூழ்ந்த நாடுகளுக்குப் போகவேண்டும் என்ற ஆசை வேர் விட்டது.

ஆசைப்பட்டதோடு அவர் நிற்கவில்லை. 1927-ம் ஆண்டு, தமது 20-வது வயதில், ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கி வடதுருவக் கடலில் உள்ள எட்ஜ் தீவுக்குப் போனார். அந்தத் தீவை அளந்து படம் வரைவது வேலை. மற்ற வாலிபர்கள் பரீட்சையைப்பற்றிக் கவலைப்படும் வயதில், அவர் ஒரு குழுவின் சாப்பாட்டுக்கும் உயிருக்கும் பொறுப்பாளியாக இருந்தார்.

பாரம் கற்பித்த பாடம்

அடுத்து 1928-ல் கனடாவின் கிழக்கே உள்ள லாப்ரடார் பகுதிக்குச் சென்றார். அப்போது உடன் போனவர்கள் இருவர்தான். ஆறுகளில் சிறு படகிலும், குளிர் காலத்தில் நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டியிலும் பயணம் செய்தார்கள். பாதை இல்லாத காடுகளையும் அருவிகளையும் படத்தில் குறித்தார்கள்.

அந்தப் பயணத்தில் ஒரு பெரிய பாடத்தை அவர் கற்றார். அது பாரத்தைப்பற்றிய பாடம்.

பனி நாட்டில் பயணம் செய்பவர் தம் உணவையும், நாய்களின் உணவையும், கூடாரத்தையும், அடுப்பு எண்ணெயையும் சுமந்து செல்லவேண்டும். பாரம் கூடினால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் நாட்கள் கூடும். நாட்கள் கூடினால் இன்னும் அதிக உணவு வேண்டும். அதற்காக மேலும் பாரம் ஏற்ற வேண்டும். இப்படியே போனால் இதற்கு முடிவே கிடையாது.

இந்தச் சிக்கலை அவிழ்ப்பது எப்படி? அந்தந்த நாட்டு மக்கள் எப்படி வாழ்கிறார்களோ, அப்படியே வாழவேண்டும். அவர்கள் உடுப்பதை உடுத்தி, அவர்கள் உண்பதை உண்ணவேண்டும். போகிற இடத்தில் வேட்டையாடிச் சாப்பிட்டால், பாதிப் பாரத்தை ஏற்றவே வேண்டாம்.

பாரத்தைக் குறை, ஊராரிடம் கற்றுக்கொள். இந்த இரண்டும் வாட்கின்சின் வாழ்க்கை விதிகள் ஆயின.

ஆகாயப் பாதை தேடி

அக்காலத்தில் சாதாரண விமானங்கள் நீண்ட தூரம் நிற்காமல் பறக்க முடியாது. ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போக நடுவே அகன்ற அட்லாண்டிக் கடல் கிடந்தது. வாட்கின்ஸ் உலக உருண்டையை உற்றுப் பார்த்தார். இங்கிலாந்திலிருந்து ஐஸ்லாந்து, அங்கிருந்து கிரீன்லாந்து, அங்கிருந்து கனடா என்று தாவித் தாவிப் போனால் கடலைத் தாண்டிவிடலாமே என்று எண்ணினார்.

ஆனால் கிரீன்லாந்தின் நடுப்பகுதி முழுவதும் பனிக்கட்டி. குளிர் காலத்தில் அங்கே காற்று எப்படி வீசுகிறது, புயல் எப்போது வருகிறது என்று எவருக்கும் சரியாகத் தெரியாது. அதைக் கண்டறிய 1930-ம் ஆண்டு ஜூலையில் ஒரு குழு புறப்பட்டது. மொத்தம் 14 பேர். தலைவர் வாட்கின்சுக்கு வயது 23. அவர்களை ஏற்றிச் சென்ற கப்பல் குவெஸ்ட். புகழ்பெற்ற தென்துருவ வீரர் ஷாக்கில்டன் தமது கடைசிப் பயணத்தில் சென்ற அதே கப்பல்தான் அது. இரண்டு சிறிய விமானங்களும் உடன் சென்றன.

கிழக்குக் கரையில் அங்மக்சாலிக் என்ற ஊருக்கு மேற்கே குழுவினர் முகாம் அமைத்தார்கள். அந்த ஊர் இன்று தசீலாக் என்று அழைக்கப்படுகிறது. உள்நாட்டில், பனிமேட்டின் மீது, கடல் மட்டத்துக்கு 8 ஆயிரம் அடிக்கு மேல் ஒரு கூடாரம் அடித்தார்கள். அங்கே ஆள் வைத்துக் காற்றையும் குளிரையும் கணக்கெடுப்பது திட்டம்.

மலையிலிருந்து உருளும் காற்று

கிழக்குக் கிரீன்லாந்தின் காற்று பொல்லாதது. பனிமேட்டின் மீதுள்ள காற்று கடுமையாகக் குளிர்கிறது. குளிர்ந்த காற்றுக்குக் கனம் அதிகம். கனத்த காற்று சரிவைப் பிடித்துக்கொண்டு கடலை நோக்கி உருண்டு வருகிறது. மடை திறந்த வெள்ளம் பள்ளத்தை நோக்கிப் பாய்வதுபோல் அது பாயும். அந்த ஊர் மக்கள் அதற்குப் பிட்டராக் என்று பெயர் இட்டிருக்கிறார்கள். சில வேளைகளில் அதன் வேகம் மணிக்கு 100 மைலையும் தாண்டுவது உண்டு.

அப்படிப்பட்ட காற்று வீசும் கரையில்தான் அந்த மக்கள் கயாக்கில் போய் சீல் என்னும் கடல் பிராணியை வேட்டையாடி வந்தார்கள். சீல் அவர்களுக்கு எல்லாமே ஆகும். இறைச்சி உணவு. கொழுப்பு விளக்குக்கு எண்ணெய். தோல் உடையும் படகும். சீல் கிடைக்காத வீட்டில் அடுப்பும் எரியாது, விளக்கும் எரியாது.

வாட்கின்சின் முகாமிலோ நாய்கள் ஏராளம். அவற்றுக்கும் இறைச்சி வேண்டும். ஆகவே கயாக் ஓட்டக் கற்பது என்று அவர் தீர்மானித்தார்.

தோலால் ஆன படகு

கயாக்கின் நீளம் சுமார் 18 அடி. அகலமோ ஒன்றே முக்கால் அடிக்குள்தான். மரங்களே வளராத நாட்டில், கடல் அலை ஒதுக்கிய கட்டைகளைக் கொண்டு சட்டம் கட்டுவார்கள். அதன்மேல் சீல் தோலைப் போர்த்துத் தைப்பார்கள். தைப்பவர்கள் பெண்கள். நூலுக்குப் பதில் மிருகங்களின் நரம்பு. ஒரு தையல் விட்டுப்போனாலும் கணவனோ மகனோ திரும்பி வரமாட்டான். அந்தப் பெண்களின் கைவேலை அத்தனை நுட்பம் வாய்ந்தது.

படகின் மேல்பக்கமும் தோலால் மூடியிருக்கும். நடுவே ஆள் நுழைய ஒரு வட்டத் துவாரம். உள்ளே காலை நீட்டி உட்காரவேண்டும். உட்கார்ந்ததும், தோல் சட்டையின் கீழ்விளிம்பைத் துவாரத்தின் வளையத்தில் இறுகப் பூட்டிக்கொள்வார்கள். மணிக்கட்டிலும் முகத்தைச் சுற்றியும் வார் இழுத்துக் கட்டுவார்கள். அதன்பின் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போகாது. மனிதன் பாதி, படகு பாதி என்று ஒரே உருவம் ஆகிவிடும்.

புதிதாக ஏறியவருக்கு அதில் அசையாமல் உட்காருவதே பெரும்பாடு. கொஞ்சம் சாய்ந்தால் கவிழும். தும்மினால்கூடக் கவிழ்ந்துவிடுமோ என்று பயம் தோன்றும். வாட்கின்சும் நண்பர்களும் விழுந்து எழுந்துதான் கற்றார்கள். ஊர்ச் சிறுவர்கள் விளையாட்டாகச் செய்வதைப் பார்த்துப் பெரிய படிப்புப் படித்தவர்கள் பாடம் படித்தார்கள்.

முன்பாரம், பின்பாரம்

மாட்டு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்றால் என்ன என்று தெரியும். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும். இரண்டும் சமமாக இருந்தால்தான் வண்டி சுகமாக ஓடும்.

கயாக்கிலும் அதே கணக்குதான். ஆனால் இங்கே பிழை செய்தால் நோவது மாட்டின் கழுத்தல்ல; போவது மனிதனின் உயிர்.

ஓடுகிற கயாக்கின் முன்முனை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிறது. அதனால் தண்ணீர் அந்த முனையை இறுகப் பிடித்துக்கொள்கிறது. பின்முனைக்கு அந்தப் பிடி குறைவு. இந்த நிலையில் பக்கத்திலிருந்து காற்று அடித்தால் என்ன ஆகும்? பிடி குறைந்த பின்முனை ஒதுங்கும். முன்முனை தானாகவே காற்று வரும் திசையை நோக்கித் திரும்பும். வேட்டைக்காரன் கிழக்கே போக நினைத்தால், படகு வடக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு அடம்பிடிக்கும். அதைத் திருத்தித் திருத்தியே கைகள் சோர்ந்துவிடும்.

பின்பக்கம் கொஞ்சம் பாரம் கூட்டினால் பின்முனை தண்ணீரில் அமிழும். அதற்கும் பிடி கிடைக்கும். படகு சொன்னபடி கேட்கும். அதற்காகப் பின்பாரத்தை அளவுக்கு மேல் ஏற்றிவிடக் கூடாது. அப்போது முன்முனை எழும்பிவிடும். காற்று அதைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போகும். காற்றை எதிர்த்துக் கரைக்குத் திரும்பவே முடியாமல் போய்விடும்.

பாரம் தாழ்வாக இருக்கவேண்டும். நடுக்கோட்டில் இருக்கவேண்டும். அலை அடிக்கும்போது நகராமல் இருக்கவேண்டும். கிரீன்லாந்து வேட்டைக்காரர்கள் இதைப் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. ஆனால் அவர்களுடைய கயாக்கில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் உண்டு. எறியீட்டி கைக்கு எட்டும்படி முன்னால் இருக்கும். ஈட்டியோடு பிணைத்த நீண்ட தோல் கயிறு, எதிரே ஒரு சிறு மேடையில் சுருளாக இருக்கும். காற்று ஊதிய தோல் மிதவை முதுகுப்பக்கம் இருக்கும். எல்லாம் தோல் வார்களில் செருகியிருக்கும். இருட்டில் கை நீட்டினாலும் எடுக்கலாம்.

சீல் மீது ஈட்டி பாய்ந்ததும் அது கயிற்றை இழுத்துக்கொண்டு ஆழத்தில் பாயும். அந்தக் கணத்திலேயே மிதவையைத் தண்ணீரில் தள்ளிவிடவேண்டும். கயிறு கையிலோ படகிலோ சிக்கினால், சீல் படகையே கவிழ்த்துவிடும்.

சீல் செத்த பிறகும் வேலை தீராது. அது மூழ்காமல் இருக்கத் தோலுக்கு அடியில் காற்றை ஊதிக் காயத்தை அடைப்பார்கள். பிறகு படகின் பக்கத்தில் கட்டி இழுத்து வருவார்கள். இப்போது படகின் ஒரு பக்கம் மட்டும் இழுக்கப்படுகிறது. காற்று ஒரு பக்கம், சீல் ஒரு பக்கம், அலை ஒரு பக்கம். இவற்றின் நடுவே இடுப்பை அசைத்து அசைத்துப் படகை நேராக வைத்திருப்பதே வேட்டைக்காரனின் திறமை. கயாக்கில் மிகப் பெரிய பாரம் மனிதனேதான். அவன் உடம்புதான் தராசு முள்.

கவிழ்ந்து எழும் வித்தை

இத்தனை கவனத்தையும் மீறிப் படகு கவிழ்ந்தால்? தலை தண்ணீருக்குள், படகின் அடிப்பாகம் மேலே. அந்தக் கடலில் தண்ணீர் ஏறக்குறைய உறையும் குளிர். படகை விட்டு வெளியே வந்தவர் சிறிது நேரத்தில் கைகால் விறைத்துப்போவார்.

அதற்கும் அந்த மக்கள் ஒரு வழி கண்டிருந்தார்கள். படகைவிட்டு வெளியே வராமலே, தலைகீழாக இருந்தபடி துடுப்பைத் தண்ணீரின் மேல்பரப்பில் வீசித் தேய்க்கவேண்டும். அதே சமயத்தில் இடுப்பை ஒரு வெட்டு வெட்டவேண்டும். படகு சுழன்று நிமிர்ந்துவிடும். துடுப்புக் கைநழுவிப் போனால், ஈட்டி எறியும் சிறு பலகையைக் கொண்டே நிமிரத் தெரிந்தவர்களும் இருந்தார்கள்.

ஐரோப்பியர்களில் இதைச் செய்தவர்கள் மிக மிகக் குறைவு. 1927-ம் ஆண்டில் பாவ்லாட்டா என்ற ஆஸ்திரிய நாட்டவர், துருவ யாத்திரிகர்கள் எழுதியதைப் படித்துத் தாமே பழகிச் செய்து காட்டினார். வாட்கின்சோ அந்த வித்தையின் தாய்நாட்டிலேயே, அதை அன்றாடம் செய்பவர்களிடமே கற்றார். திரும்பத் திரும்பக் கவிழ்ந்து, திரும்பத் திரும்ப எழுந்தார். முடிவில் அவருடைய குழுவில் அவரே சிறந்த கயாக்காரர் என்று பெயர் பெற்றார்.

பனியில் புதைந்த நண்பர்

இதற்கிடையே பனிமேட்டுக் கூடாரத்தில் ஒரு பெரும் ஆபத்து வந்தது. 1930-ம் ஆண்டு குளிர் காலத்தில் உணவு கொண்டுபோன குழு, புயலால் வழியில் பல வாரங்கள் தாமதித்தது. கொண்டுபோன உணவில் பெரும் பகுதி வழியிலேயே செலவாகிவிட்டது. மிச்சம் இருந்தது இருவருக்குப் போதாது. அகஸ்டின் கோர்ட்டோல்டு என்ற வாலிபர், தாம் ஒருவரே அங்கே இருப்பதாக முன்வந்தார்.

டிசம்பர் 6-ந் தேதி அவர் தனியானார். பனி விழுந்து விழுந்து கூடாரம் புதைந்தது. வாசலும் அடைபட்டது. உள்ளே இருட்டு, வெளியே புயல். மார்ச்சில் தேடிப் போனவர்கள் கூடாரம் இருந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பினார்கள்.

செய்தி கேட்டதும் வாட்கின்ஸ் துடித்தார். நண்பரை அங்கே விட்ட திட்டம் அவருடையது. ஏப்ரலில் அவரே ரைமில், சாப்மன் என்ற இரு தோழர்களுடன் புறப்பட்டார். மே 5-ந் தேதி பனிவெளியில் கிழிந்த கொடி ஒன்றும், காற்றுப் போக வைத்திருந்த குழாயின் முனையும் அவர்கள் கண்ணில் பட்டன. குழாயின் வழியே குரல் கொடுத்தார்கள். உள்ளிருந்து பதில் வந்தது! 150 நாள் தனிமைக்குப் பிறகு கோர்ட்டோல்டு உயிரோடு வெளியே வந்தார்.

திறந்த படகில் 600 மைல்

ஒரு மனிதர் இவ்வளவு பட்ட பிறகு வீட்டுக்குப் போவதைத்தானே நினைப்பார்? கோர்ட்டோல்டு அப்படி நினைக்கவில்லை. அதே 1931-ம் ஆண்டு கோடையில் வாட்கின்சுடன் மற்றொரு பயணம் கிளம்பினார். லெமன் என்பவரும் சேர்ந்தார். மூன்று பேர், மோட்டார் பொருத்திய சிறிய திறந்த படகுகள், கூடவே கயாக்குகள். கிழக்குக் கரையிலிருந்து கிரீன்லாந்தின் தென்முனையைச் சுற்றிச் சுமார் 600 மைல் செல்லவேண்டும்.

படகில் எல்லாவற்றையும் ஏற்ற இடம் இல்லை. ஆகவே வழியில் சீல் பிடித்துச் சாப்பிடுவது என்று தீர்மானித்தார்கள். மிதக்கும் பனிக்கட்டிகள் பாதையை மறித்தன. புயல் அடித்தபோது கரையில் ஒதுங்கிக் கிடந்தார்கள். காற்று ஓய்ந்தபோது கயாக்கில் போய் வேட்டையாடினார்கள். அவர்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

வாட்கின்சின் விதி வென்றது. குறைந்த பாரம், ஊரார் வித்தை. அதைக்கொண்டே அந்தக் கடலைத் தாண்டிக் காட்டிவிட்டார்.

நாடு திரும்பியதும் புகழ் குவிந்தது. லண்டன் ராஜ பூகோள சங்கம் 1932-ல் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. அவருக்குத் திருமணமும் நிச்சயமாயிற்று.

கடைசிப் பயணம்

அவருடைய அடுத்த கனவு, தென்துருவக் கண்டத்தைக் குறுக்கே கடப்பது. ஆனால் அப்போது உலகெங்கும் பணமுடை. அவ்வளவு பெரிய பயணத்துக்குப் பணம் திரட்ட முடியவில்லை. பான் அமெரிக்கன் விமானக் கம்பெனி கிரீன்லாந்தில் ஆராய்ச்சியைத் தொடர உதவ முன்வந்தது. உதவித் தொகை சிறியது. அதனால் குழுவும் சிறியது. வாட்கின்ஸ், ரைமில், சாப்மன், ரைலி என்று நான்கே பேர்.

1932-ம் ஆண்டு கோடையில் அவர்கள் அங்மக்சாலிக்குக்கு வடக்கே ஒரு கடற்கழியில் இறங்கினார்கள். கழியின் தலைப்பில் பனியாறு ஒன்று உண்டு. அதிலிருந்து பெரும் பனிக்கட்டிகள் உடைந்து தண்ணீரில் விழும். விழும்போது எழும் அலை கழி முழுவதும் பரவும்.

பணம் குறைவு என்பதால் கொண்டுவந்த உணவும் குறைவு. சீல் இறைச்சியை நம்பியே இருக்கவேண்டும். நால்வரில் தேர்ந்த வேட்டைக்காரர் வாட்கின்ஸ்தான். மற்றவர்கள் அளவெடுக்கும் வேலையைப் பார்க்க, அவர் கயாக்கில் தனியே வேட்டைக்குப் போய் வந்தார்.

தனியே போவது ஆபத்து என்பது தெரியாதவர் அல்ல. கயாக் வேட்டையில் அருகே இன்னொரு கயாக் இருப்பது பெரிய பலம். ஒருவர் கவிழ்ந்து எழ முடியாமல் தவித்தால், மற்றவர் தம் படகின் முனையை நீட்டுவார். அதைப் பற்றிக்கொண்டு எழுந்துவிடலாம். இரண்டு கயாக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்து, குறுக்கே துடுப்பை வைத்துப் பிடித்தால் புயலிலும் அசையாது நிற்கும். ஆனால் இருவர் வேட்டைக்குப் போனால் ஆராய்ச்சி வேலையில் ஓர் ஆள் குறையுமே! வாட்கின்ஸ் அந்தக் கணக்கைத்தான் பார்த்தார்.

ஆகஸ்டு 20-ந் தேதி காலை. வழக்கம்போல் கயாக்கில் ஏறினார். துடுப்பை வலித்துக்கொண்டு கழிக்குள் போனார்.

அன்று பிற்பகல் மோட்டார் படகில் வந்த ரைமிலும் சாப்மனும் தண்ணீரில் எதுவோ மிதப்பதைக் கண்டார்கள். நெருங்கிப் பார்த்தார்கள். வாட்கின்சின் கயாக்! உள்ளே தண்ணீர் புகுந்திருந்தது. ஆள் இல்லை. பதறிப்போய்த் தேடினார்கள். ஒரு பனிக்கட்டியின் மேல் அவருடைய கால்சட்டையும் கயாக்கில் கட்டும் வாரும் நனைந்து கிடந்தன. எத்தனை தேடியும் அவர் உடல் கிடைக்கவில்லை.

என்ன நடந்திருக்கும்? பார்த்தவர் எவரும் இல்லை. பனியாறு உடைந்து எழுந்த அலை கயாக்கை மோதியிருக்கலாம். அவர் நீந்திப் பனிக்கட்டியில் ஏறியிருக்கலாம். விலகி மிதந்த கயாக்கைப் பிடிக்க, கனத்த உடையைக் கழற்றிவிட்டு மறுபடி நீரில் குதித்திருக்கலாம். அந்தக் குளிர் அவரை வென்றிருக்கலாம். இவை தோழர்களும் மற்றவர்களும் செய்த ஊகங்கள்.

அப்போது அவருக்கு வயது 25.

விட்டுச் சென்ற வழி

தலைவரை இழந்த மூவரும் என்ன செய்தார்கள்? கப்பல் ஏறி ஊருக்குத் திரும்பவில்லை. ரைமில் தலைமை ஏற்றார். அந்தக் குளிர் காலம் முழுவதும் அங்கேயே தங்கி, எடுத்த காரியத்தை முடித்தார்கள். உணவுக்கு அதே கயாக்கில் வேட்டையாடினார்கள். பின்னர் 1934 முதல் 1937 வரை தென்துருவப் பகுதிக்குச் சென்ற ஒரு குழுவுக்கும் ரைமிலே தலைவர். வாட்கின்சிடம் கற்ற முறைகள் அங்கேயும் கைகொடுத்தன.

வாட்கின்ஸ் தேடிய ஆகாயப் பாதையும் வீண் போகவில்லை. இரண்டாவது உலக யுத்தத்தில், 1941 முதல் கிரீன்லாந்தில் விமானத் தளங்கள் அமைந்தன. அமெரிக்காவில் கட்டிய விமானங்கள் அந்த வழியே தாவித் தாவி ஐரோப்பா சேர்ந்தன. 1954-ல் கோபன்ஹேகனிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் சென்ற பிரயாணி விமானமும் கிரீன்லாந்தில் இறங்கித்தான் போயிற்று.

கயாக் இன்று உலகெங்கும் விளையாட்டுப் படகாகப் பரவியிருக்கிறது. தோலுக்குப் பதிலாக பிளாஸ்டிக்கும் கண்ணாடி இழையும் வந்துவிட்டன. ஆனால் காற்று பழைய காற்றுதான். பாரத்தின் கணக்கும் பழைய கணக்குதான். கவிழ்ந்து எழும் வித்தையை இன்றும் கிரீன்லாந்து மக்கள் கண்ட முறையில்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். அதோடு, காற்றுள்ள நாளில் தனியே கடலுக்குப் போகாதே என்பதையும் புதியவருக்கு முதல் பாடமாகச் சொல்லுகிறார்கள்.

வாட்கின்ஸ் எந்தப் பாரத்தை ஏற்றலாம், எதை இறக்கலாம் என்று வாழ்நாள் முழுதும் கணக்குப் பார்த்தவர். உணவை இறக்கினார், பணத்தை இறக்கினார், சுகத்தை இறக்கினார். அந்தக் கணக்கு ஒவ்வொன்றும் சரியாகவே இருந்தது. கடைசியில் துணையையும் பாரம் என்று இறக்கி வைத்தார். துணை பாரம் அல்ல; பாரத்தைத் தாங்கும் மறுபக்கம். ஏற்றம் இறைப்பவரும், கிணற்றில் தூர் வாருபவரும், கடலுக்குப் போகிறவரும் அறிந்த உண்மை இது.

இளம் வயதில் அவர் சாதித்தது பெரிது. அந்நிய நாட்டு எளிய மக்களைக் குருவாக ஏற்ற பணிவு அதைவிடப் பெரிது. அதனால்தான் அவர் பெயர் துருவ வரலாற்றில் இன்றும் நிற்கிறது.